பேரிக்காயை யார் சீவியது?

கத்தி அசையவில்லை, பேரிக்காய்தான் சுற்றியது. இடது கை விரல்கள் பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொடுக்க, வலது கட்டைவிரல் கத்திக்கு எதிரே நின்று வழி காட்டியது. தோல் எங்கும் அறுபடாமல், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக, நாடா போல இறங்கி மேசையில் விரித்திருந்த தாள்களின்மேல் சுருண்டு விழுந்தது. அவை ஓர் ஆய்வேட்டின் பழைய பிரதி. தோல் விழுந்த இடம் மூன்றாம் அத்தியாயம். ஓரத்தில் சிவப்பு மையில் ‘இன்னும் சிந்திக்கவும்’ என்று எழுதியிருந்தது. எல்லாப் பக்கத்திலும் அதேதான் எழுதியிருந்தது.

சீவி முடித்த பழத்தைத் துண்டுகளாக நறுக்கி, நடுவிலிருந்த விதைப்பகுதியை வளைவாக வெட்டியெடுத்து, துண்டுகளை உப்புத் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்தன அந்தக் கைகள். அப்படிச் செய்தால் பழம் கறுக்காது. கறுத்த பழத்தைப் பேராசிரியர் தொடமாட்டார். பழத்தைத் தொடாத நாளில் அவர் ஆய்வேட்டைத் தொட்டுவிடுவார்.

“அக்கா, இன்னிக்கு ஆய்வேட்டுத் தேர்வு உங்களுக்கா, பழத்துக்கா?” என்று கேட்டாள் சுல்பி. முதுகலை முதலாண்டு மாணவி. உதவி செய்ய வந்தவள், இதுவரை வாயால் மட்டுமே உதவிக்கொண்டிருந்தாள்.

“பழம் பாஸானா நான் பாஸு. அந்தத் தட்டை எடு.”

கைகளுக்குச் சொந்தக்காரி தக் மின்ஹா. பொது நிர்வாகத் துறையின் முதுகலை மாணவி. அதோடு துறை உதவியாளர். முப்பதை நெருங்கிவிட்டாள். குன்சான் துறைமுகச் சந்தையில் மீன் விற்கும் அவள் அம்மா, மகள் சியோலில் பேராசிரியர் ஆவதற்குப் படிப்பதாகப் பக்கத்துக் கடைக்காரிகளிடம் சொல்லிவைத்திருந்தாள். மகள் இங்கே செய்வதும் அம்மா அங்கே செய்வதும் ஏறக்குறைய ஒரே வேலைதான் என்பதை மின்ஹா ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லாமல் விட்டுவிடுவாள். அம்மாவின் கத்தி மட்டும் கொஞ்சம் பெரியது.

அவள் படித்த பல்கலைக்கழகம் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. சியோலுக்குள் இருக்கிறது என்பதுதான் அதன் முதல் பெருமை. இரண்டாவது பெருமையை நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் புதிய விளம்பர வாசகம் போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. வளாகம் குன்றின்மேல் இருந்ததால், நான்கு வருடம் ஏறி இறங்கிய மாணவர்களுக்குப் பட்டம் கிடைக்கிறதோ இல்லையோ, கெண்டைக்கால் கிடைத்தது. துறை அலுவலகத் தொலைபேசியை எடுப்பது மின்ஹாவின் வேலை. மதிப்பெண் வெளியாகும் வாரத்தில் அந்தத் தொலைபேசி ஓயாது. வகுப்புக்கே வராதவன் தன் பி-யை ஏ ஆக்கச் சொல்வான். அவன் முடித்ததும் அவன் அம்மா கூப்பிடுவாள். “எங்க பையன் ராத்திரி பகலா படிச்சான்மா” என்பாள். மின்ஹா, “தெரியும்மா” என்பாள். பையன் ராத்திரி எந்தக் கணினி விளையாட்டுக் கடையில் இருந்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் அவளுடைய அறை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், சேர்க்கை நேர்காணலில், பிறகு அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் நாம்குங் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பழம் சீவத் தெரியுமா?” அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவள் தெரியும் என்றாள்.

கத்தி துறையின் சொத்து இல்லை. அவளுக்கு முன் உதவியாளராக இருந்த அக்கா, போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கொடுப்பதற்கு முன் ஒரு நூறு வோன் காசைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். “கத்திய சும்மா வாங்கக்கூடாதுடி. உறவு அறுந்துபோயிடும். காசு குடுத்தா வாங்கினதா ஆயிடும்” என்றாள். அந்த அக்கா இப்போது டாக்டர் பட்டத்தோடு மூன்று கல்லூரிகளில் மணிக்கணக்கில் பாடம் எடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேருந்தில் ஓடிக்கொண்டிருக்கிறாள். உறவு அறவில்லை, பேசத்தான் நேரமில்லை.

பழத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அது சட்டவிரோதம். மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு மாணவர் ஒரு டப்பா காப்பிகூடக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தேர்வு அறையில் தண்ணீர் தவிர வேறெதுவும் வைக்கக்கூடாது என்று நிர்வாகம் கதவிலேயே ஒட்டியிருந்தது. நாம்குங் இதை முழு மனதோடு ஆதரித்தார். ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால், “ஒண்ணும் வேண்டாம்ப்பா. வெறும் தண்ணி போதும்” என்பார். மா ஜுன்ஹ்யோக் என்று ஒரு மாணவன் இருந்தான். பேராசிரியர் சொன்னதை அப்படியே கேட்டதுதான் அவன் செய்த ஒரே தவறு. வெறும் தண்ணீர் வைத்தான். நாம்குங் தண்ணீரை ஒரு வாய் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், “அந்த மூணாம் அத்தியாயம்...” என்று ஆரம்பித்தார். ஜுன்ஹ்யோக் இப்போது இன்சோனில் கோழி வறுத்துக்கொண்டிருக்கிறான். நன்றாக வறுக்கிறான் என்கிறார்கள்.

அதிலிருந்து ஒரு வழக்கம் உருவானது. பழம் அறையில் இருக்கும். யாரும் அதைக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். பேராசிரியர்கள் உள்ளே வந்து, மழைக்கு முளைத்த காளானைப் பார்ப்பதுபோல் தட்டைப் பார்த்து, “அடடே, இதெல்லாம் எதுக்கு?” என்பார்கள். சாப்பிட்டு முடிப்பார்கள். பழத்தைத் தின்பதைவிடப் பழத்தைப் பற்றிப் பேசுவதுதான் இந்தத் துறையில் பெரிய குற்றம்.

மின்ஹாவின் ஆய்வேட்டின் தலைப்பு: ‘பரிசுத் தடைச் சட்டத்துக்குப் பின் அலுவலகப் பண்பாட்டில் ஏற்பட்டுள்ள மாற்றங்கள்’. தலைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் நாம்குங்.

இந்த முறை அவள் தேறியே ஆக வேண்டும். செஜோங் நகரத்தில் ஓர் ஆய்வு நிலையம் அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. மார்ச் மாதம் சேர வேண்டும். பட்டம் கையில் இருக்க வேண்டும். இந்த டிசம்பரில் மூன்று பேராசிரியர்களின் முத்திரையும் ஒப்புதல் தாளில் விழாவிட்டால், வேலை வேறொருவருக்குப் போய்விடும். அவளுக்குக் கத்திதான் மிஞ்சும்.

இரண்டாவது பேரிக்காயை எடுத்தபோது தொலைபேசி அடித்தது. ஈரக் கையோடு எடுத்தாள்.

“பியோ பேசறேன். இன்னிக்கு உங்க தேர்வுக் குழுவுக்கு நான்தான் தலைவர்.”

“வணக்கம் சார்.”

“ஒரே ஒரு விஷயம்மா. மேசையில தண்ணி தவிர ஏதாவது இருந்துது, நான் உள்ள கால் வைக்கமாட்டேன். வாசல்லேருந்தே திரும்பிடுவேன். போன வருஷம் எவனோ ஒரு பெட்டி சீமைப்பனிச்சம்பழம் என் ரூம் வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டான். நான் திங்கக்கூட இல்ல. ஆறு மாசம் விசாரணை! அந்தத் தேர்வுக்கு வர்ற பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லிடு.”

“சொல்லிடறேன் சார்” என்றாள் மின்ஹா. பேரிக்காயைக் கீழே வைத்தாள். சொல்லியாகிவிட்டது.

வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற பியோவுக்கு இங்கே நடக்கும் வழக்கம் தெரியாது. அவள் விஷயத்தைச் சொன்னதும் சுல்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பழம் இல்லன்னா நாம்குங் சார் கவுத்துடுவார். பழம் இருந்தா பியோ சார் ஓடிடுவார். ஒருத்தரை ஜன்னலுக்கு வெளிய உக்கார வெச்சுடலாமா அக்கா?”

மின்ஹா மேசையில் கிடந்த பழைய பிரதியைப் பார்த்தாள். தோலை விரலால் ஒதுக்கினாள். நான்காம் அத்தியாயம். அவளே எழுதியது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அது அவளுக்குப் பயன்படப் போகிறது.

“மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்களுக்குக் குடுத்தா குத்தம் இல்ல” என்றாள் மெல்ல. “பேராசிரியர் மாணவிக்கு வாங்கித் தரலாம். கூட வேலை பாக்கறவங்களுக்கும் ரெண்டு துண்டு தரலாம். தாராளமா தரலாம்.”

“அதாவது...”

“இது நாம்குங் சார் வாங்கித் தந்த பழம்.”

“அக்கா! அவர் இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது குடுத்திருக்காரா?”

“போன குளிர்காலத்துல எனக்கு ஜலதோஷம் குடுத்தார்.”

நாம்குங்கிடம் முன்கூட்டியே சொல்ல முடியாது. சொன்னால் பழம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனால் ஒன்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். வேறொருவர் செய்த வேலைக்குக் கிடைத்த புகழை அவர் திருப்பிக் கொடுத்து அவள் பார்த்ததில்லை. அவர் பெயரில் வெளியான கடைசி இரண்டு கட்டுரைகளும் அதற்குச் சாட்சி.

தேர்வு பிற்பகலில். முதலில் வந்தவர் நாம்குங். மேல்கோட்டைக் கழற்றி சுல்பியின் கையில் போட்டுவிட்டு, தட்டைப் பார்த்து, “அடடே, இதெல்லாம் எதுக்கு?” என்று முறைப்படி ஆச்சரியப்பட்டு, முள்கரண்டியை எடுத்துக்கொண்டார். அடுத்து வந்தவர் வூ மேடம். வெளிநாட்டில் படித்துவிட்டுப் போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். தட்டைப் பார்த்தார், நாம்குங்கைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். வேலை நிரந்தரமாகும்வரை எதுவும் சொல்வதில்லை என்று அவருக்கு ஒரு கொள்கை இருந்தது.

கடைசியாக பியோ வந்தார். வாசலிலேயே நின்றார். தட்டைக் கண்டதும் அவர் முகம், சாலையில் பாம்பைக் கண்டவர் முகம்போல் ஆயிற்று. நாம்குங்கின் முள்கரண்டி வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

“நான் போன்ல சொன்னேனே!” என்றார் பியோ.

மின்ஹா குனிந்து வணங்கினாள். “சார், தண்ணி மட்டும்தான் நாங்க வெச்சது. பழம் நாம்குங் சார் வாங்கிட்டு வந்தது. தேர்வுக்கு வர்ற பிள்ளைங்க காலையிலேருந்து சாப்பிடாம இருப்பாங்கன்னு.”

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுல்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அவரே சீவினார் சார்! தன் கையால!”

முள்கரண்டி கீழே போகுமா, மேலே போகுமா? அவளுடைய செஜோங் வேலை அந்த நுனியில் குத்தப்பட்டிருந்தது.

“நாம்குங், நீங்களா?” என்றார் பியோ.

நாம்குங் பழத்தை வாயில் போட்டார். நிதானமாக மென்று விழுங்கினார். “என்ன பண்றது, பியோ? நம்ம பிள்ளைங்க. நாமதான் பாத்துக்கணும்.”

பியோ உள்ளே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “முப்பது வருஷம் ஆசிரியரா இருக்கேன். எனக்கு இது தோணவே இல்லையே! நாமே வாங்கித் தந்துட்டா எவன் கேஸ் போடுவான்?” உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “என்ன நேர்த்தி! எங்க வீட்டுல சீவினா பாதிப் பழம் தோலோட போயிடும்.”

“எவ்வளவு நாள் பழகினீங்க சார்?” என்று கேட்டார் வூ மேடம். அவருடைய கொள்கையில் கேள்விகளுக்குத் தடை இல்லை போலிருக்கிறது.

“அது... கையில தானா வர்றதும்மா.”

“அப்ப ஒண்ணு சீவுங்களேன், பாத்துக்கறேன்” என்றார் பியோ. பக்கத்து மேசையில் சீவாத பேரிக்காய் ஒன்று உட்கார்ந்திருந்தது. தொலைபேசி வந்தபோது மின்ஹா கீழே வைத்து, பிறகு கத்தியோடு இங்கே எடுத்துவந்த அதே பழம்.

மின்ஹா கத்தியைக் கைப்பிடிப் பக்கம் திருப்பி இரண்டு கையாலும் நீட்டினாள். நாம்குங் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் இருந்தது.

“நீ உன் பேச்சை ஆரம்பி” என்றார்.

அவள் ஆரம்பித்தாள். சட்டம் வந்த பின்னணி, ஆய்வு முறை, நேர்காணல்கள். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் நாம்குங்கின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். முதல் வெட்டிலேயே ஒரு பெரிய சதைத் துண்டு எகிறி ஒப்புதல் தாளின் அருகில் விழுந்தது. அடுத்தது வூ மேடத்தின் மடியில். நாம்குங்கின் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப்பார்த்தது. குழந்தைத் தலை அளவு இருந்த பேரிக்காய் ஆப்பிள் அளவானது, பிறகு எலுமிச்சை அளவானது, அப்புறமும் ஒரு பக்கம் தோல் இருந்தது. ‘மேலதிகாரிகள் தாங்களாக முன்வந்து நடத்தையை மாற்றிக்கொள்வது மிகவும் அரிது’ என்று மின்ஹா திரையைப் பார்த்துப் படித்தபோது, பழம் இலந்தை அளவுக்கு வந்திருந்தது.

நாம்குங் அதை பியோவிடம் நீட்டினார். பியோ முழுதாக வாயில் போட்டு, “இனிப்பு” என்றார். கொஞ்சம் யோசித்து, “வயசாச்சு, கை நடுங்கும். அந்தத் தட்டைச் சீவ எவ்வளவு நேரம் பட்டிருப்பீங்க!” என்று இன்னும் உருகினார்.

வூ மேடம் சட்டென்று குனிந்து மடியைத் துடைக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது.

நாம்குங் கையைத் துடைத்தார். கண்ணாடியையும் துடைத்தார். சுல்பி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“அந்த மூணாம் அத்தியாயம்...” என்றார் நாம்குங்.

ஜுன்ஹ்யோக்கின் கோழிக்கடை மின்ஹாவின் கண்முன் வந்து போனது. அங்கே இன்னொரு ஆள் தேவைப்படுமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

“ஆமா சார்” என்று முந்திக்கொண்டாள். “மூணாம் அத்தியாயத்துல ஒரு குறை இருக்கு. மேலதிகாரி தானா முன்வந்து செஞ்சதுக்கு ஒரு உதாரணம்கூட கிடைக்கலைன்னு எழுதியிருக்கேன். நாடு பூரா தேடினேன். இன்னிக்குத்தான் கிடைச்சுது.”

“அதைச் சேர்த்துடு!” என்று மேசையைத் தட்டினார் பியோ. “கண்டிப்பா சேக்கணும்.”

நாம்குங் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது. “நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றார். “அந்தப் பக்கம் வந்ததும் முத்திரை வெக்கறேன்.”

பியோவும் வூவும் அன்றே முத்திரை வைத்தார்கள். மூன்றாவது இடம் காலியாக இருந்தது.

மின்ஹா எழுதினாள். சியோலில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், ஒரு மூத்த பேராசிரியர், தேர்வுக்கு வந்த மாணவிக்காகத் தானே பழம் வாங்கிவந்து சீவினார் என்று எழுதினாள். எழுதும்போது கூச்சமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அம்மாவும் நேற்று வந்த மீனை இன்று பிடித்தது என்றுதான் விற்பாள்.

பக்கம் அடுத்த நாளே திரும்பி வந்தது. மூன்று வருடத்தில் ‘இன்னும் சிந்திக்கவும்’ தவிர வேறு சொல் எழுதாத சிவப்பு மை, இந்த ஒரு பக்கத்தில் ஆறாக ஓடியிருந்தது. ‘சீவினார்’ என்பதை ‘அன்புடன் சீவினார்’ என மாற்றவும். ‘மூத்த பேராசிரியர்’ என்பதற்கு முன் ‘மாணவர்களால் பெரிதும் மதிக்கப்படும்’ சேர்க்கவும். தோலின் மென்மை குறிப்பிடப்படவில்லை, குறிப்பிடவும். அவள் குறிப்பிட்டாள். முத்திரை விழுந்தது, கொஞ்சம் சாய்வாக.

பிப்ரவரியில் ஆய்வேடு கட்டி வந்தது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. வழிகாட்டிக்கு முதல் பிரதியை நேரில் கொடுப்பது வழக்கம். முந்தின நாள் நாம்குங்கே கூப்பிட்டார்.

“அந்தப் பக்கத்தை விளம்பரத் துறைக்கு அனுப்பிவெச்சேன். நாளைக்குப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வர்றாங்களாம். மாணவர்களுக்குப் பழம் சீவும் பேராசிரியர்னு. நீ கொஞ்சம் முன்னாடியே வந்து சீவி வெச்சுடு. நான் தட்டைப் பிடிச்சுக்கறேன்.”

“வந்துடறேன் சார்” என்றாள் மின்ஹா.

முன்னாடியே போகவில்லை. புகைப்படக்காரர் மாடி ஏறுவதைக் கீழே மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, அவர் பின்னாலேயே ஏறினாள். அறையில் நாம்குங் புது டை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேசைமேல் ஒரு பெட்டி பேரிக்காய் இருந்தது. யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பழம்கூடச் சீவப்படவில்லை. சுல்பி சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த தேர்வு அவளுடையது.

“இவ்வளவு நேரமா?” என்றார் நாம்குங், பல்லுக்கு நடுவே.

“சார், அப்படியே வெளிச்சத்துப் பக்கம் வாங்க” என்றார் புகைப்படக்காரர். “மொதல்ல ஆய்வேட்டை வாங்கிக்கோங்க. அப்புறம் சீவறதை எடுத்துக்கலாம். நாலு படம் போதும், முழுப் பழத்தையும் சீவணும்.”

மின்ஹா பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்தாள். அதன்மேல், வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றியிருந்த கத்தியை வைத்தாள். முடிச்சைப் பிரித்து, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி திருப்பினாள்.

“என்னம்மா இது?”

“நல்லா தீட்டியிருக்கேன் சார். இனிமே உங்களுக்குத்தான் வேணும்.”

கேமரா தயாராக இருந்தது. சுல்பி கத்தியைப் பார்த்தாள், மின்ஹாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நாம்குங்கின் கை, வயதான எல்லோருக்கும் வருவதுபோல் தானாகக் கால்சட்டைப் பைக்குள் போய்ச் சில்லறையைத் துழாவியது. ஒரு காசு கொடுத்துவிட்டால் கத்தி வாங்கியதாகிவிடும், உறவு அப்படியே இருக்கும். ஒரு நூறு வோன் காசு வெளியே வந்தது.

“காசு வேண்டாம் சார்” என்றாள் மின்ஹா. குனிந்து, இரண்டு கையாலும் ஆய்வேட்டையும் கத்தியையும் சேர்த்து அவரிடம் கொடுத்தாள்.